உரைக்கோப்பும் தேடல் அட்டவணையும்: மின்னஞ்சல் வடிகட்டலில் திறவுகோல்–மதிப்புத் தரவுத்தளங்களின் வரலாறு (1979–2015)

ஆய்வுச் சுருக்கம்

மின்னஞ்சல் வழங்கி ஒன்று தன்னிடம் வரும் மடலை ஏற்பதா, மறுப்பதா, வேறிடம் திருப்புவதா என்பதைப் பெரும்பாலும் ஓர் அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்கிறது. அவ்வட்டவணை மனிதர் எழுதும் உரைக்கோப்பாகப் பிறந்து, கணினி விரைந்து தேடக்கூடிய இரும வடிவத் தரவுத்தளமாக மாற்றப்படுகிறது. 1979இல் வெளியான டிபிஎம் நூலகம் முதல் 2015இல் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள் பன்மொழி முகவரிகளை ஏற்றது வரையிலான காலத்தில் இம்மாற்றம் எவ்வாறு நிகழ்த்தப்பட்டது, அதில் எவை இழக்கப்பட்டன என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இரும வடிவங்கள் பலமுறை மாறியும் மூல உரைக்கோப்பின் வடிவம் ஏறத்தாழ மாறாமல் நிலைத்தது என்பதும், வடிகட்டலின் காரணத்தைச் சொல்லவல்ல ஆவணம் அவ்வுரைக்கோப்பே என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. தமிழ் எழுத்தில் அமையும் முகவரிகள் திறவுகோலாகும்போது எழும் சிக்கலும் விளக்கப்படுகிறது.

குறிச்சொற்கள்: மின்னஞ்சல் வடிகட்டல், திறவுகோல்–மதிப்பு, டிபிஎம், சென்ட்மெயில், போஸ்ட்ஃபிக்ஸ், சிடிபி, யூனிகோடு இயல்பாக்கம்

1. முன்னுரை

கணினி வரலாற்றை எழுதுவோர் இயக்கு தளங்களையும் நிரலாக்க மொழிகளையும் விரிவாகப் பேசியுள்ளனர். அவற்றுக்கு அடியில் அமைதியாக இயங்கும் சிறு கருவிகள் அந்த அளவுக்குக் கவனம் பெற்றதில்லை. உரைக்கோப்பு ஒன்றைப் படித்து, அதன் ஒவ்வொரு வரியையும் திறவுகோல், மதிப்பு என இரண்டாகப் பிரித்து, தேடற்குரிய தரவுத்தளமாக எழுதும் கருவிகள் அத்தகையவை. சென்ட்மெயிலின் நியூஅலையசஸ், மேக்மேப் ஆகியனவும் போஸ்ட்ஃபிக்ஸின் போஸ்ட்மேப்பும் இவ்வகையைச் சார்ந்தவை. ஒருவர் எழுதிய மடல் மற்றொருவரைச் சென்றடைவதும் அடையாமற் போவதும் இவற்றின் சரியான இயக்கத்தைச் சார்ந்திருந்தன, இன்றும் சார்ந்துள்ளன.

ஓர் உரைக்கோப்பு அட்டவணையாக மாறும்போது எவை நிலைக்கின்றன, எவை மறைகின்றன என்பதே இக்கட்டுரையின் மைய வினா. மூலத்துக்கும் படிக்கும் இடையிலான வேறுபாட்டை ஆராய்ந்து பழகிய தமிழாய்வாளர்க்கு இவ்வினா புதிதன்று. இங்கு அது வேறொரு களத்தில் எழுகிறது.

2. திறவுகோலும் மதிப்பும்

அட்டவணையின் ஒவ்வொரு பதிவும் இரு பகுதிகளைக் கொண்டது. தேடப் பயன்படுவது திறவுகோல். தேடலின் விடையாகக் கிடைப்பது மதிப்பு. மின்னஞ்சலைப் பொறுத்தவரை திறவுகோல் பெரும்பாலும் ஒரு முகவரியாகவோ, களப்பெயராகவோ, இணைய எண்முகவரியாகவோ இருக்கும். மதிப்பு என்பது மடலை என்ன செய்ய வேண்டும் என்னும் கட்டளை.

நூறு வரிகள் கொண்ட உரைக்கோப்பைக் கணினி முதல் வரியிலிருந்து படித்துச் செல்வதில் தடையில்லை. வரிகள் பல்லாயிரமாகும்போது ஒவ்வொரு மடலுக்கும் முழுக்கோப்பையும் படிப்பது இயலாததாகிறது. ஹாஷ் முறை இதற்குத் தீர்வாக அமைந்தது. திறவுகோலின் பைட்டுகளைக் கொண்டு ஓர் எண் கணிக்கப்படுகிறது. அவ்வெண் பதிவு இருக்கும் இடத்தைச் சுட்டுகிறது. ஆகவே பதிவுகளின் எண்ணிக்கை எத்துணை பெருகினும் தேடும் நேரம் பெரிதும் கூடுவதில்லை. இவ்வசதிக்கு ஒரு விலையுண்டு. திறவுகோலின் ஒரு பைட் மாறினும் கணிக்கப்படும் எண் மாறிவிடும். ‘ஏறத்தாழ ஒத்தது’ என்னும் நிலை ஹாஷ் அட்டவணைக்குத் தெரியாது. பின்னர் எழுந்த சிக்கல்கள் பலவற்றின் வேர் இதுவே.

3. டிபிஎம் நூலகமும் மாற்றுப்பெயர்க் கோப்பும்

1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் கென் தாம்சன் எழுதிய டிபிஎம் நூலகம் இடம்பெற்றது. ஒரு தரவுத்தளம் இரு கோப்புகளாகச் சேமிக்கப்பட்டது: ஒன்று பதிவுகளைத் தாங்கும் பக்கக் கோப்பு, மற்றொன்று எப்பக்கத்தில் தேடுவது எனக் காட்டும் அடைவுக் கோப்பு. ஓரிரு வட்டு அணுகல்களிலேயே எப்பதிவையும் எடுத்துவிடலாம் என்பது அதன் கையேடு தந்த உறுதி. ஒரு திறவுகோலும் அதன் மதிப்பும் சேர்ந்து 512 பைட்டுகளுக்கு மிகலாகாது என்பதும், ஒரு நேரத்தில் ஒரு தரவுத்தளத்தை மட்டுமே திறக்க முடியும் என்பதும் அதன் வரம்புகள். 1986இல் வெளியான 4.3 பிஎஸ்டியின் என்டிபிஎம் இரண்டாவது வரம்பை நீக்கியது.

இதே காலத்தில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் ஆல்மன் முதலில் டெலிவர்மெயிலையும் பின்னர் சென்ட்மெயிலையும் எழுதினார். 1983இல் 4.2 பிஎஸ்டியுடன் வெளியான சென்ட்மெயில் மாற்றுப்பெயர்க் கோப்பு ஒன்றைப் பயன்படுத்தியது. இடப்புறம் ஒரு பெயர், பின் முக்காற்புள்ளி, வலப்புறம் மடல் உண்மையில் சென்று சேர வேண்டிய முகவரி அல்லது முகவரிகள் என்பது அதன் அமைப்பு. அஞ்சல் அதிகாரி என்னும் பொதுப்பெயருக்கு வரும் மடல் குறிப்பிட்ட ஓர் ஊழியரைச் சென்றடைவது இவ்வாறே. நிர்வாகி உரைக்கோப்பைத் திருத்தியபின் நியூஅலையசஸ் கட்டளையை இயக்குவார். அது உரைக்கோப்பைப் படித்து டிபிஎம் வடிவத்தை எழுதும். மனிதர்க்கு ஒரு வடிவம், பொறிக்கு ஒரு வடிவம் என்னும் இரட்டை நிலை அஞ்சல் அமைப்பில் இவ்வாறு வேரூன்றியது.

இவ்விரட்டை நிலையின் முதல் விளைவு எளியதாயினும் நீடித்தது. உரைக்கோப்பைத் திருத்தியவர் கட்டளையை இயக்க மறந்தால் பொறி பழைய அட்டவணையையே பின்பற்றும். திரையில் ஒன்று தெரியும். நடப்பது வேறொன்றாக இருக்கும். பிற்காலத்தில் போஸ்ட்ஃபிக்ஸ், தரவுத்தளக் கோப்பு மூலக்கோப்பைவிடப் பழையது என்னும் எச்சரிக்கையைப் பதிவேட்டில் எழுதும் வழக்கத்தைக் கொண்டிருந்தது. இந்த மறதி எத்துணை இயல்பானது என்பதற்கு அவ்வெச்சரிக்கையே சான்று.

4. பாதி கட்டப்பட்ட அட்டவணை

இரண்டாவது விளைவு இதனினும் நுட்பமானது. தரவுத்தளம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் இடைவேளையில் ஒரு மடல் வந்தால் என்ன நேரும்? அட்டவணையின் ஒரு பகுதி மட்டுமே எழுதப்பட்டிருக்கலாம். எழுதப்படாத பகுதியில் உள்ள பெயரைத் தேடும் அஞ்சல் நிரல் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்னும் முடிவுக்கு வந்து மடலைத் திருப்பியனுப்பிவிடும். பெயர் உரைக்கோப்பில் பிழையின்றி இருந்தும் மடல் திரும்பும்.

சென்ட்மெயில் இதற்குக் கண்ட தீர்வு குறிப்பிடத்தக்கது. முறையான முகவரியாக அமைய இயலாத ‘@’ என்னும் குறியையே திறவுகோலாகவும் மதிப்பாகவும் கொண்ட ‘@:@’ என்னும் பதிவு அட்டவணையின் இறுதியில் எழுதப்பட்டது. அப்பதிவு காணப்பட்டால் அட்டவணை நிறைவுற்றது என்று பொருள். காணப்படாவிடில் நிரல் குறிப்பிட்ட நேரம் காத்திருக்கும். காத்திருந்தும் கிடைக்காவிட்டால், அமைப்பில் இசைவளிக்கப்பட்டிருப்பின், அட்டவணையைத் தானே மீண்டும் கட்டும். இத்தானியங்கு மீள்கட்டுமானம் பின்வந்த பதிப்புகளில் பாதுகாப்புக் கருதி நீக்கப்பட்டது. உள்ளடக்கத்துக்குரிய இடத்திலேயே உள்ளடக்கத்தின் நிறைவைப் பற்றிய செய்தியையும் வைத்த இவ்வுத்தி, ஏடெழுதியவர் இறுதியில் ‘முற்றிற்று’ எனப் பொறிக்கும் வழக்கத்தை நினைவூட்டுகிறது.

மற்றொரு நுண்சிக்கல் சரத்தின் இறுதியில் நிற்கும் சுழிப் பைட். சி மொழியில் சரங்கள் சுழியில் முடிகின்றன. அச்சுழியைத் திறவுகோலின் பகுதியாகச் சேர்ப்பதா, விடுப்பதா என்பதில் கருவிகள் வேறுபட்டன. சேர்த்து எழுதிய அட்டவணையில் சேர்க்காமல் தேடினால் எதுவும் கிடைக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பைட்டினால் முழு அட்டவணையும் வெறுமையாகத் தோன்றும். மேக்மேப் இதற்கெனத் தனி விருப்பத்தேர்வைத் தந்தது. அட்டவணையைக் கட்டியவரும் அதைப் படிக்கும் நிரலும் இதில் ஒத்துப்போக வேண்டியிருந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் சுழியுடனும் சுழியின்றியும் தேடிப் பார்த்து, எது வெற்றி பெறுகிறதோ அதையே தொடர்ந்து பின்பற்றும் முறையை மேற்கொண்டது.

5. மாற்றுப்பெயரிலிருந்து மறுப்புக்கு

தொடக்ககால அட்டவணைகள் ‘யாருக்குக் கொண்டுசேர்ப்பது’ என்னும் வினாவுக்கு விடையளித்தன. ‘யாரை மறுப்பது’ என்னும் வினா பின்னரே எழுந்தது. 1978 மே 3 அன்று டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க் ஆர்ப்பாநெட் பயனர் ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பிய விளம்பரம் முதல் வேண்டா அஞ்சலாகச் சுட்டப்படுகிறது. எனினும் இச்சிக்கல் பரவலாக உணரப்பட்டது இணையம் வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்ட 1990களிலேயே. 1994 ஏப்ரலில் யூஸ்நெட் குழுக்கள் பலவற்றை நிறைத்த ‘கிரீன் கார்டு’ விளம்பரம் அதன் திருப்புமுனை.

அக்காலத்து அஞ்சல் வழங்கிகள் எவருடைய மடலையும் எவருக்கும் கடத்தும் நல்லெண்ணத்தின் அடிப்படையில் இயங்கின. இந்நல்லெண்ணத்தையே விளம்பரதாரர் பயன்படுத்திக்கொண்டனர். 1998இல் வெளியான சென்ட்மெயில் 8.9 பிறர் மடலைக் கடத்துவதை இயல்பிருப்பாகவே தடைசெய்தது. அதனுடன் அணுகல் தரவுத்தளம் என்னும் வசதியையும் சேர்த்தது. 1993இல் வெளியான சென்ட்மெயில் 8 வரிசையுடன் வந்த மேக்மேப் இவ்வட்டவணைகளைக் கட்டும் பொதுக்கருவியாயிற்று. உரைக்கோப்பின் இடப்புறம் களப்பெயர், முகவரி, எண்முகவரி ஆகியவற்றுள் ஒன்று. வலப்புறம் ‘ஓகே’, ‘ரிலே’, ‘ரிஜெக்ட்’, ‘டிஸ்கார்ட்’ ஆகியவற்றுள் ஒன்று. முதலாவது ஏற்பது, இரண்டாவது கடத்த இசைவது, மூன்றாவது மறுத்து அனுப்புநருக்குத் தெரிவிப்பது, நான்காவது எவருக்கும் தெரிவிக்காமல் விட்டுவிடுவது.

மூன்றாவதற்கும் நான்காவதற்கும் உள்ள வேறுபாடு தொழில்நுட்ப அளவில் ஒரு சொல். விளைவில் அது பெரிது. மறுக்கப்பட்ட மடலின் அனுப்புநர் வேறு வழியை நாடலாம். விட்டுவிடப்பட்ட மடலைப் பொறுத்தவரை, அனுப்பியவர் சென்றது என்று எண்ணுவார். பெற வேண்டியவர் வரவில்லை என்றே அறியார். தவறான திறவுகோல் ஒன்று நான்காவது மதிப்புடன் இணைந்துவிட்டால் அப்பிழையை வெளிக்கொணர எவரும் இல்லை. ஆதலால் மதிப்பின் இடத்தில் 550 என்னும் மறுப்பு எண்ணையும் அதைத் தொடர்ந்து ஒரு விளக்க வாக்கியத்தையும் எழுத அமைப்பு இடமளித்தமை முக்கியமானது. காரணம் அனுப்புநரைச் சென்றடைய அவ்வாக்கியமே நேரிய வழி.

ஏனெனில் உரைக்கோப்பில் நிர்வாகி எழுதும் பிற காரணங்கள் அட்டவணைக்குள் செல்வதில்லை. ‘#’ குறியுடன் தொடங்கும் வரிகள் குறிப்புரைகள். ஒரு களம் எப்போது, எவருடைய முறையீட்டின்பேரில், எத்துணைக் காலத்துக்குத் தடுக்கப்பட்டது என்பன அங்கேயே எழுதப்படுகின்றன. தரவுத்தளம் கட்டப்படும்போது அவை நீங்குகின்றன. வரிகளின் வரிசை நீங்குகிறது. பெரிய எழுத்துகள் பொதுவாகச் சிறிய எழுத்துகளாக்கப்படுகின்றன. ஒரே திறவுகோல் இருமுறை வரின் ஒன்றே எஞ்சுகிறது. தரவுத்தளத்திலிருந்து பதிவுகளை மீண்டும் உரையாக வெளியிடும் வசதி மேக்மேப்பிலும் போஸ்ட்மேப்பிலும் உண்டு. அவ்வாறு கிடைக்கும் உரையில் தீர்ப்புகள் மட்டுமே இருக்கும். தீர்ப்புக்கான காரணங்கள் இரா.

6. துல்லியப் பொருத்தமும் திறவுகோலைக் குறைத்தலும்

ஹாஷ் அட்டவணை துல்லியப் பொருத்தத்தை மட்டுமே அறியும் என்பது முன்னரே கூறப்பட்டது. வடிகட்டலுக்கோ தொகுதிகள் தேவை: ஒரு களத்தின் உட்களங்கள் அனைத்தும், ஒரு வலைப்பின்னலின் எண்முகவரிகள் அனைத்தும். இம்முரண்பாட்டை அட்டவணையை மாற்றாமல், தேடும் முறையை மாற்றியே அஞ்சல் நிரல்கள் தீர்த்தன.

1998 டிசம்பரில் வெளியிடப்பட்ட போஸ்ட்ஃபிக்ஸ் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில் வீட்ஸ வெனெமா எழுதியது அது. 203.0.113.5 என்னும் எண்முகவரியிலிருந்து மடல் வருமாயின் அந்நிரல் முதலில் முழு எண்ணையும் தேடும். கிடைக்காவிடில் 203.0.113 என்பதையும், பின்னர் 203.0 என்பதையும், இறுதியாக 203 என்பதையும் தேடும். மடல் முகவரியாயின் முழு முகவரி, களப்பெயர், மேற்களங்கள், ‘@’ குறியுடன் கூடிய பயனர்பெயர் என்னும் வரிசையில் தேடும். ஒவ்வொரு தேடலும் துல்லியமானதே. அவற்றின் அடுக்கு தொகுதிப் பொருத்தத்தைத் தருகிறது. குறுகியதைவிட நீண்ட திறவுகோல் முந்துவதால் பொதுவிதிக்குப் புறனடை எழுதுவதும் எளிதாயிற்று. ஒரு வலைப்பின்னலை முழுதும் மறுத்து, அதனுள் ஒரேயொரு வழங்கியை ஏற்க இரு வரிகள் போதும்.

இம்முறை எண்முகவரியைப் புள்ளி நிற்கும் இடத்தில் மட்டுமே வெட்டும். புள்ளிகளுக்கு இடைப்பட்ட எல்லை கொண்ட வலைப்பின்னல்களை இவ்வாறு குறிக்க இயலாது. இதற்கென அமைந்த வலைப்பின்னல் வரம்பு அட்டவணைகளும், வடிவத்தொடர் அட்டவணைகளும் இரும வடிவத்துக்கு மாற்றப்படுவதில்லை. நிரலே உரைக்கோப்பை நேரடியாகப் படித்து, மேலிருந்து கீழாக ஒப்பிட்டு, முதலில் பொருந்தும் வரியை ஏற்கிறது. ஹாஷ் அட்டவணையில் வரிசைக்குப் பொருளில்லை. இவற்றில் வரிசையே பொருள். ஒரே நிர்வாகி இருவகைக் கோப்புகளையும் அருகருகே வைத்துப் பேண நேர்ந்தமையால், ஒன்றன் இலக்கணத்தை மற்றொன்றன்மேல் ஏற்றும் பிழை இயல்பாகவே நிகழக்கூடியதாயிற்று.

7. மூன்று வடிவங்கள்: பெர்க்லி டிபி, சிடிபி, எல்எம்டிபி

டிபிஎம்மின் வரம்புகளைக் கடக்க மார்கோ செல்ட்சரும் ஓசான் யிகிட்டும் 1991இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் புதிய ஹாஷ் நூலகம் ஒன்றை அறிமுகப்படுத்தினர். பெர்க்லி டிபியின் தொடக்கம் அது. பதிவின் அளவுக்கு இருந்த தடை நீங்கியது. இரு கோப்புகள் ஒன்றாயின. சென்ட்மெயிலும் போஸ்ட்ஃபிக்ஸும் இதனைப் பரவலாகப் பயன்படுத்தின. 1996இல் ஸ்லீப்பிகேட் நிறுவனம் இதன் பொறுப்பை ஏற்றது, 2006இல் அந்நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது, 2013இல் 6.0 பதிப்பு முதல் உரிமம் ஏஜிபிஎல் ஆக மாற்றப்பட்டது. அதன் கட்டுப்பாடுகளை ஏற்கத் தயங்கிய லினக்ஸ் வெளியீடுகள் சில 5.3 பதிப்பிலேயே நின்றன. உரைக்கோப்பை அட்டவணையாக்கும் சிறு செயல் ஒரு நிறுவனத்தின் உரிம முடிவைச் சார்ந்திருந்தது என்பதை அப்போதே பலர் உணர்ந்தனர்.

பெர்க்லி டிபியைக் கொண்டு கட்டும்போது போஸ்ட்மேப் இருக்கும் கோப்பின்மீதே எழுதியது. பூட்டுகளின் உதவியால் ஒரே நேர அணுகல் தவிர்க்கப்பட்டது. எனினும் வட்டு நிரம்பி எழுத்து இடையில் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்னும் நிலை ஏற்படும். போஸ்ட்ஃபிக்ஸின் கையேடே இதை எடுத்துரைத்து மாற்றுவழியையும் தந்தது: வேறு பெயரில் கட்டுக, கட்டுமானம் வெற்றியுற்றால் மட்டும் உரிய பெயருக்கு மாற்றுக. நிரல்களைத் தொகுக்கப் பயன்படும் மேக் கருவியைக் கொண்டே இதைச் செய்யும் முறையும் அங்குக் காட்டப்பட்டுள்ளது. அட்டவணையைக் கட்டுவது நிரலைத் தொகுப்பதற்கு ஒப்பானது என்னும் புரிதலை இதில் காணலாம்.

டேனியல் பெர்ன்ஸ்டைன் உருவாக்கிய சிடிபி இதே உண்மையை வடிவமைப்பின் அடித்தளமாகவே கொண்டது. சிடிபி கோப்பை ஒருமுறை எழுதலாம். பின்னர்த் திருத்த இயலாது. மாற்றம் தேவையாயின் முழுதும் புதிதாகக் கட்டித் தற்காலிகக் கோப்பில் எழுதி, முடிந்தபின் பெயரை மாற்ற வேண்டும். படித்துக்கொண்டிருக்கும் நிரல் பழைய கோப்பை முழுமையாகக் காணும், அல்லது புதியதை முழுமையாகக் காணும். பாதியை ஒருபோதும் காணாது. ஆகவே பூட்டுகள் தேவைப்படவில்லை. ‘@:@’ போன்ற முற்றுக்குறியும் தேவைப்படவில்லை. கோப்பின் முகப்பில் 2048 பைட்டுகள் கொண்ட சுட்டுப்பகுதி 256 ஹாஷ் அட்டவணைகளைக் காட்டும். இருக்கும் திறவுகோலைக் கண்டெடுக்கப் பொதுவாக இரு வட்டு அணுகல்கள் போதும்; இல்லாததை இல்லை எனச் சொல்ல ஒன்றே போதும். வடிகட்டலில் பெரும்பாலான தேடல்கள் ‘இல்லை’ என்றே முடிவதால் இது பொருத்தமான பண்பு. கியூமெயில் மென்பொருளும் அதனோடு சேர்த்துப் பயன்படுத்தப்பட்ட டிசிபிரூல்ஸ் கருவியும் இவ்வடிவத்தைப் பயன்படுத்தின. மொத்த அளவு 4 ஜிகாபைட்டுக்கு மிகலாகாது என்பது அதன் வரம்பு.

ஓபன்எல்டாப் திட்டத்துக்காக ஹோவர்ட் சூ 2011இல் உருவாக்கிய எல்எம்டிபி வேறொரு வழியை மேற்கொண்டது. அது கோப்பை நினைவகத்துடன் நேரடியாக இணைத்துப் படிக்கிறது. மாற்றங்களைப் பழைய பக்கத்தின்மேல் எழுதாமல் புதிய பக்கத்தில் எழுதி, இறுதியில் சுட்டியை மட்டும் மாற்றுகிறது. சிடிபி முழுக்கோப்பு அளவில் செய்ததை எல்எம்டிபி பக்க அளவில் செய்தது எனலாம். 2014இல் வெளியான போஸ்ட்ஃபிக்ஸ் 2.11 இவ்வடிவத்தை ஏற்றது.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. டிபிஎம், என்டிபிஎம், பெர்க்லி டிபி, சிடிபி, எல்எம்டிபி என இரும வடிவம் நான்குமுறை மாறியுள்ளது. அவற்றுள் ஒன்றற்காக எழுதப்பட்ட கோப்பைப் பொதுவாக மற்றொன்று படிக்காது. உரைக்கோப்போ இடப்புறம் திறவுகோல், வலப்புறம் மதிப்பு, ‘#’ குறியுடன் குறிப்புரை என்னும் அதே எளிய வடிவில் நீடித்தது. வடிவம் மாறும்போதெல்லாம் நிர்வாகிகள் உரைக்கோப்பிலிருந்தே மீண்டும் கட்டினர். விரைவுக்காக உருவானது விரைவிலேயே மாறியது. படிப்பதற்காக எழுதப்பட்டது நிலைத்தது.

8. மூலவுரை இல்லாத அட்டவணைகள்

2000களின் தொடக்கத்தில் வடிகட்டல் வேறு திசையில் திரும்பியது. 2002 ஆகஸ்டில் பால் கிரகாம் எழுதிய கட்டுரை, மடலில் உள்ள சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு வேண்டா அஞ்சலை இனங்காணும் முறையைப் பரவலாக்கியது. அதே ஆண்டில் எரிக் ரேமண்ட் தொடங்கிய போகோஃபில்ட்டர் இம்முறையைப் பின்பற்றிச் சொற்பட்டியலைப் பெர்க்லி டிபியில் சேமித்தது. இங்குத் திறவுகோல் ஒரு சொல். மதிப்பு, அச்சொல் நல்ல மடல்களிலும் வேண்டா மடல்களிலும் எத்தனை முறை வந்தது என்னும் எண்ணிக்கை.

தரவுத்தள நூலகம் பழையதே. அட்டவணையின் தோற்றம் புதியது. இதை எவரும் உரைக்கோப்பாக எழுதவில்லை. பயனர் தரம்பிரித்த மடல்களிலிருந்து அது தானே வளர்ந்தது. தரவுத்தளத்தை உரையாக வெளியிட்டுப் படிக்க முடியும். ஆனால் அவ்வுரையில் சொற்களும் எண்களுமே இருக்கும். ‘இக்களம் ஏன் தடுக்கப்பட்டது’ என்னும் வினாவுக்கு அணுகல் அட்டவணையின் மூலக்கோப்பு ஒரு வரியில் விடை கூறவியலும். ‘இம்மடல் ஏன் தடுக்கப்பட்டது’ என்னும் வினாவுக்குச் சொற்பட்டியல் பல சொற்களின் எண்ணிக்கையைத்தான் காட்டவியலும். திறன் கூடியபோது பொறுப்புக்கூறல் குறைந்தது என்பதை வரலாற்றாசிரியர் கவனிக்க வேண்டும்.

9. தமிழ்த் திறவுகோல்

மேற்கண்ட அட்டவணைகள் அனைத்தும் ஆஸ்கி எழுத்துகளைக் கருதியே எழுந்தவை. 2010–2011 ஆண்டுகளில் .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் ஆகிய தமிழ் மேல்நிலைக் களங்கள் நடைமுறைக்கு வந்தன. 2012 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 6530, 6531, 6532 ஆகியவை மின்னஞ்சல் முகவரியில் ‘@’ குறியின் இருபுறமும் யுடிஎஃப்-8 எழுத்துகளை இசைந்தன. 2015 பிப்ரவரியில் வெளியான போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 இதனைச் செயற்படுத்தியது. அன்றுமுதல் தமிழ்ப்பெயர் ஒன்று வடிகட்டல் அட்டவணையில் திறவுகோலாக நிற்பது இயலுவதாயிற்று.

இங்குத்தான் துல்லியப் பொருத்தம் என்னும் பழைய பண்பு புதிய சிக்கலாகிறது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியுருவும் 3 பைட்டுகள் கொள்ளும். ‘கோவை’ என்னும் சொல்லில் ஓகாரக் குறியை ஒரே குறியுருவாக எழுதினால் 12 பைட்டுகள்; ஏகாரக் குறியும் கால்குறியுமாகப் பிரித்து எழுதினால் 15 பைட்டுகள். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு விதியின்படியும் அவை சமமானவை. ஹாஷ் அட்டவணைக்கோ அவை இரு வேறு திறவுகோல்கள். உரைக்கோப்பில் ஒரு வடிவமும் வந்த மடலில் மற்றொரு வடிவமும் இருப்பின் தேடல் வெறுமையாகத் திரும்பும். ஆர்எஃப்சி 6532 ஒருங்கிணைந்த இயல்பாக்க வடிவத்தைப் பரிந்துரைப்பது இக்காரணத்தாலேயே.

இயல்பாக்கத்தாலும் தீராத சிக்கல் ஒன்றுண்டு. ‘கௌரி’ என்னும் பெயரை ஔகாரக் குறியால் எழுதுவதும், எகரக் குறியையும் ளகரத்தையும் அடுத்தடுத்து வைத்துக் ‘கெளரி’ என எழுதுவதும் தட்டெழுதுவோரிடம் காணப்படும் வழக்கங்கள். எழுத்துருக்கள் பலவற்றில் இவை ஒன்றுபோல் தோன்றும். யூனிகோடு இவற்றைச் சமமாகக் கொள்வதில்லை. ஆகவே இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது. ‘க’ என்னும் எழுத்தும் ‘௧’ என்னும் தமிழ் எண்ணும், ‘உ’ என்னும் எழுத்தும் ‘௨’ என்னும் எண்ணும் அவ்வாறே. ஒருவருடைய முகவரியைத் தடைப்பட்டியலில் சேர்த்த நிர்வாகி அது ஏன் வேலை செய்யவில்லை என்று வியக்கலாம்; அனுமதிப் பட்டியலில் சேர்த்தவர் உரிய மடல் ஏன் வரவில்லை என்று தேடலாம். கோப்பைத் திரையில் எத்தனை முறை படித்தாலும் பிழை தெரியாது.

களப்பெயருக்கு மற்றுமொரு கூறுண்டு. தமிழ்க் களப்பெயர் தமிழ் வடிவிலும் வரலாம். அதற்கு நிகரான ஆஸ்கி வடிவிலும் வரலாம். போஸ்ட்ஃபிக்ஸின் தொடக்கச் செயலாக்கம் இவ்விரண்டையும் தானாக ஒன்றுக்கொன்று மாற்றவில்லை. இரு வடிவங்களையும் அட்டவணையில் எழுதுவது நிர்வாகியின் பொறுப்பாயிற்று. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைத் தேடலுக்குமுன் நீக்கும் ஏற்பாடு தொடக்கம் முதலே இருந்ததை இதனோடு ஒப்பிடலாம். உரோமன் எழுத்தில் ‘ஒன்றெனக் கொள்ளத்தக்கவை’ எவை என்பது கருவிகளுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. தமிழுக்கு அவ்வறிவு இன்னும் பெரிதும் மனிதரிடமே உள்ளது. அதை வரையறுப்பது எழுத்தியல் அறிந்த தமிழறிஞரும் கணிப்பொறியாளரும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு. முதலாவது, மின்னஞ்சல் வடிகட்டலின் அட்டவணைகள் முகவரி மாற்றத்துக்கென எழுந்து, 1998ஐ ஒட்டிய ஆண்டுகளில் மறுப்புக்கும் கருவிகளாயின. இரண்டாவது, பாதி கட்டப்பட்ட அட்டவணை என்னும் சிக்கலே அவற்றின் வடிவமைப்பைப் பெரிதும் வழிநடத்தியது. முற்றுக்குறி, பூட்டு, பெயர்மாற்றம், பக்கமாற்றம் என்பன அதற்குக் காணப்பட்ட தீர்வுகளின் படிநிலைகள். மூன்றாவது, இரும வடிவங்கள் மாறினும் உரைக்கோப்பு மாறாது நிலைத்தது. காரணங்களைத் தாங்கும் குறிப்புரைகள் அதில் மட்டுமே உள்ளன. ஆதலால் ஆவணக் காப்பகங்கள் அஞ்சல் வழங்கிகளின் எச்சங்களைச் சேகரிக்கும்போது தரவுத்தளக் கோப்புகளோடு நில்லாமல் மூல உரைக்கோப்புகளையும் சேகரித்தல் வேண்டும். நான்காவது, பைட் அளவிலான ஒப்பீடு தமிழ்ப் பெயர்களுக்குப் போதியதன்று. எவ்வடிவங்கள் ஒன்றெனக் கொள்ளத்தக்கன என்பது வரையறுக்கப்படும்வரை, தமிழில் எழுதப்பட்ட முகவரி ஒன்று சரியாக இருந்தும் மடல் சேராமற்போகும் வாய்ப்பு நீடிக்கும்.